தேக்கடி டைகர் டிரெயில்: பட்டை உரித்தவர்களோடு ஒரு ராத்திரி

புலியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டு நாள் நடந்து எங்களுக்குக் கிடைத்தது, ஒரு மரத்தில் அது நகத்தால் கீறிய தடம் மட்டும். ஆனாலும் இந்த நடைப்பயணத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், காரணம் எங்களைக் கூட்டிப்போன ஆட்கள்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் இதை நடத்துகிறவர்கள், ஒரு காலத்தில் அதே காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வயணாப் பட்டை, அதாவது காட்டு லவங்கப்பட்டை, உரித்து விற்றவர்கள். பிடிபடுவது, கோர்ட்டுக்கு அலைவது, வக்கீலுக்குக் கடன் வாங்குவது, அந்தக் கடனை அடைக்க மறுபடியும் காட்டுக்குள் போவது என்றே பிழைப்பு ஓடியிருக்கிறது. 1996இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை இவர்களோடு உட்கார்ந்து பேசி, வழக்குகளைக் கைவிட்டு, ஒரு குழுவாகச் சேர்த்து இந்த வேலையைக் கொடுத்தது. இன்று நாம் கட்டும் பணத்தில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது, நடக்கிற நடையே ரோந்தாகவும் ஆகிறது.

முதல் நாள் மதியம் ஒரு அண்ணன் பாதையை விட்டு இறங்கி, இடுப்பு உயரத்தில் பட்டை போய் உள்ளே வெளுத்துக் காய்ந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகுமாம். பக்கத்தில் இருந்த கன்றிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என் உள்ளங்கையில் வைத்தார், பிரியாணி வாசம் அப்படியே ஏறியது. "அப்ப ராத்திரியில மோந்து பார்த்தே மரத்தைக் கண்டுபிடிப்போம் சார்" என்றார். மிளா எந்தப் பக்கம் ஓடியது, யானைச் சாணம் எத்தனை மணி நேரப் பழசு, இதெல்லாம் அவருக்கு ஒரு பார்வையில் தெரிகிறது. படித்து வந்த எந்த வழிகாட்டியிடமும் இதை நான் பார்த்ததில்லை.

கூடாரம், சாப்பாடு எல்லாம் எளிமைதான், குறை இல்லை. யானை வராமல் சுற்றிலும் அகழி, துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க முழங்கால் வரை துணி உறை தருகிறார்கள், மேலே மூக்குப்பொடி தடவிக்கொண்டால் போதும்.

குறை முன்பதிவில்தான். குமுளியில் ஒரு ஏஜெண்ட் "இடமே இல்லை, நான் வாங்கித் தருகிறேன்" என்று கூடுதலாகப் பணம் வாங்கினார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இந்த அண்ணன்களுக்குப் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. தயவுசெய்து காப்பகத்தின் சுற்றுலா அலுவலகத்தில் நேரடியாகப் பதியுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். இந்த ஏற்பாட்டால் பிழைக்கிற குடும்பங்கள் கொஞ்சம்தான். 2002இலிருந்து வசந்த சேனை என்ற பெண்கள் குழு சம்பளமே வாங்காமல் காட்டில் ரோந்து போகிறது, அவர்கள் உழைப்புக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும். காட்டு ஓரத்தில் ஏலமும் மிளகும் போட்டிருக்கும் விவசாயிக்கோ பன்றியும் யானையும் தோட்டத்துக்குள் வருகிற பயம். 2022 ஜூனில், தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குச் சூழல் தாங்கு மண்டலம், அதாவது கட்டடம், சுரங்கம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி, வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது இடுக்கியில் கடையடைப்பே நடந்தது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தியது. பட்டை உரித்தவர்களோடு உட்கார்ந்து பேசிய மாதிரி அந்த விவசாயிகளோடும் முன்பே பேசியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, போகிறவர்கள் மங்கலான நிறச் சட்டை, கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தீ மூட்டி உட்காரும்போது கூட்டிப்போகும் அண்ணன்களிடம் பழைய கதையைக் கேளுங்கள், தயங்காமல் சொல்கிறார்கள்.