புயல் வரும் வாரத்தில் கடற்கரை விடுமுறை: போவதா, தள்ளிப்போடுவதா, மலைப்பக்கம் திரும்புவதா?

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. அமெரிக்காவில் வட கரோலினாவின் ஹட்டராஸ் தீவில் ஏவன் என்ற சின்ன ஊரில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருந்தோம். மார்ச் மாதமே பணம் கட்டியாகிவிட்டது. வேதாரண்யத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அவர்களோடு கடற்கரையில் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டோம். அதே சனிக்கிழமைதான் கரீபியன் தீவுகளுக்கு வடக்கே எரின் சூறாவளி உச்ச வலுவான ஐந்தாம் வகையைத் தொட்டது.

அதற்கு முந்தைய மூன்று நாளும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. "கரைக்கே வராதாம், போகலாம்" என்றார் ஒரு நண்பர். "இரண்டு நாள் கழித்துக் கிளம்பலாமே" என்றார் இன்னொருவர். அவர் மனைவி அதே மாநிலத்தின் மேற்கே, ஆஷ்வில் மலைப்பக்கம் போகலாம் என்றார். நான் ரத்து செய்துவிடலாம் என்ற பக்கம் சாய்ந்திருந்தேன். அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். பள்ளி திறந்த பிறகு வாடகை குறைகிறதே என்று நம்மில் பலர் பதிவு செய்வது சரியாக அந்த வாரங்களில்தான். அதனால் எங்களுக்கு வந்த இந்தக் கேள்வி உங்களுக்கும் வரக்கூடும்.

திட்டப்படி கிளம்புவது

போகலாம் என்றவரின் வாதம் பலவீனமானது இல்லை. மயாமியில் இருக்கும் தேசிய சூறாவளி மையம் வெளியிட்ட படத்தில், எரின் வடக்கே திரும்பி நடுக்கடலோடு போய்விடும் என்றுதான் இருந்தது. கடைசியில் அப்படியேதான் போகவும் செய்தது.

ஆனால் அந்தப் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளையாக விரியும் அந்தக் கூம்பு, புயலின் மையப்புள்ளி எந்தப் பக்கம் போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. புயல் எவ்வளவு அகலம், அலை எவ்வளவு தூரம் வரும், மழை எங்கே கொட்டும் என்பதெல்லாம் அதில் கிடையாது. மையப்புள்ளிகூட மூன்றில் இரண்டு தடவைதான் கூம்புக்குள் இருக்கும். அந்தக் கணக்கில்தான் கூம்பையே வரைகிறார்கள். ஒரு நாள் முன்னால் சொல்லும் கணிப்பு சராசரியாக 50 கிலோமீட்டர் அளவில் தவறுகிறது. ஐந்து நாள் முன்னால் சொல்வது 300 கிலோமீட்டருக்கு மேலும் தவறலாம். 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி வந்தபோது ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்தின் மேல்தான் எல்லோருடைய கண்ணும் இருந்தது. சிதைந்து போனது அதற்குத் தெற்கே 150 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் மையர்ஸ் பீச்.

வகை எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். ஒன்று முதல் ஐந்து வரையிலான அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்கிறது. 2018 செப்டம்பரில் ஃப்ளோரன்ஸ் சூறாவளி எங்கள் வட கரோலினாவில் கரை கடந்தபோது வெறும் முதல் வகை. "அவ்வளவுதானா" என்று பலரும் மூச்சு விட்டார்கள். அப்புறம் அது நகராமல் நின்று கொட்டியதில் சில இடங்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. வில்மிங்டன் நகரத்துக்குப் போகும் சாலைகள் எல்லாம் மூழ்கி, அந்த ஊரே தீவாகிப் போனது.

எங்கள் குழுவில் ஒரு குடும்பம் சனிக்கிழமை கிளம்பியே விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அனுப்பிய படங்களில் ஒரு மேகம்கூட இல்லை. நீல வானம், வெள்ளை மணல். அன்றைக்கே அறிவிப்பு வந்தது. சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் திங்கள் காலை முதல் ஹட்டராஸ் தீவை விட்டு வெளியேற வேண்டும். அந்தத் தீவுக்குக் கடைசிவரை சூறாவளி எச்சரிக்கை விடப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். புயல் கரையிலிருந்து ரொம்ப தூரத்தில்தான் போனது. வெளியேறச் சொன்னதற்குக் காரணம் காற்றைவிட சாலைதான். தீவின் நீளத்துக்கும் ஓடும் ஒரே சாலையான ஹைவே 12 மேல் கடல் ஏறும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சொன்னபடியே ஏறியது.

குளிக்க முடியாத கடற்கரைக்குப் போய் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை ஒரே நாளில், அதே மாநிலக் கரையில் இருக்கும் ரைட்ஸ்வில் பீச்சில் உயிர்காப்பாளர்கள் சுமார் 60 பேரை நீருக்குள்ளிருந்து மீட்டார்கள். பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புயலிலிருந்து வரும் அலைகூட கரையோரத்தில் நீரோட்டத்தை உண்டாக்கி ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். வெயில் அடிக்கும், கடல் அழகாக இருக்கும், பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடுவார்கள். புயலுக்கு முந்தைய நாட்களில் எனக்குப் பெரிய பயம் இதுதான்.

இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுவது

கேட்பதற்கு இதுதான் நிதானமான வழி. விமானத்தில் போகிறவர்களுக்கு உண்மையிலேயே நல்ல வழியும்கூட. புயல் நெருங்கும்போது விமான நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்காமல் தேதி மாற்றிக்கொள்ள அனுமதிக்கின்றன. விமானத்தை அவர்களே ரத்து செய்து, நாம் மாற்று விமானம் வேண்டாம் என்றால், அமெரிக்காவில் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். நாமாக முந்திக்கொண்டு ரத்து செய்தால் பெரும்பாலும் அடுத்த பயணத்துக்கான வரவுதான் கிடைக்கும். அதனால் விமானப் பயணத்தில் ஒரு நாள் பொறுப்பது லாபம்.

காரில் போய் வாடகை வீட்டில் தங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. வாடகை சனி முதல் சனி வரை. நாம் திங்கள் போனாலும் புதன் போனாலும் பணம் அதேதான். எங்களுக்கு வீடு கொடுத்த அலுவலகம் தேதி மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. வெளியேற்ற ஆணை வந்தால் பேசலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

இன்னொன்று, புயல் போன மறுநாளே கடற்கரை பழையபடி ஆகிவிடாது. சாலையில் மணல் குவிந்து கிடக்கும். மின்சாரம் வர நாளாகலாம். தீவைத் திறக்கும்போது முதலில் உள்ளூர்க்காரர்கள், வேலைக்கு வேண்டியவர்கள்; கடைசியில்தான் நம்மைப் போல விடுமுறைக்கு வருகிறவர்கள். அதுதான் நியாயமும்கூட. தன் வீட்டுக் கூரை என்ன ஆனதோ என்று பார்க்க ஒருவர் ஓடும் பாதையில், குளிர்பெட்டியும் மணல் வாளியும் ஏற்றிக்கொண்டு நாம் முன்னால் நிற்கக் கூடாது.

மலைப்பக்கம் போவது

2024 ஆகஸ்டில் கேட்டிருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். ஆனால் அந்தச் செப்டம்பர் கடைசியில் ஹெலீன் சூறாவளி ஃப்ளோரிடாவில் கரை கடந்து, உள்நாட்டுக்குள் வந்து, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஷ்வில்லை வெள்ளத்தில் அமிழ்த்தியது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஷ்வில் குழாய்களில் குடிக்கத் தகுந்த தண்ணீர் திரும்ப வர 53 நாள் ஆனது. பக்கத்து மாநிலமான டென்னசிக்குப் போகும் ஐ-40 நெடுஞ்சாலையை ஆறு அரித்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு தடமாகத் திறந்தார்கள். மலையில் ஈரக்காற்று மோதி மேலே ஏறும்போது மழை இன்னும் கூடுகிறது. பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீருக்குப் போக வேறு இடம் இல்லை.

ஆகவே மலைக்குத் திரும்புவதற்கு முன், புயல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். எரின் போலக் கடலோடு போகும் புயல் என்றால் மலை நல்ல இடம். உள்நாட்டுக்குள் வரும் புயல் என்றால், ஆற்றோரத்தில் மரவீடு எடுப்பது தீவில் வீடு எடுப்பதைவிடப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ரத்து செய்வது

இதில் மனசைவிடப் பணம்தான் குறுக்கே நிற்கும். மூன்று குடும்பம் சேர்ந்து கட்டிய தொகை சின்னது இல்லை. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணப் பயணக் காப்பீடு "பயமாக இருக்கிறது, போகவில்லை" என்பதற்குப் பணம் தராது. வெளியேற்ற ஆணை, தங்குமிடம் குடியிருக்க முடியாமல் போவது, விமானம் ஓடாமல் நிற்பது, இப்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், புயலுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே காப்பீட்டை வாங்கியிருக்க வேண்டும். எரினுக்கு ஆகஸ்ட் 11 அன்று பெயர் வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று செய்தி பார்த்துவிட்டு ஓடிப்போய் வாங்கிய காப்பீடு எரினுக்கு உதவாது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று தனியாக ஒரு வகை உண்டு. விலை கூடுதல். முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ரத்து செய்ய வேண்டும். அப்போதும் கிடைப்பது பெரும்பாலும் பாதி முதல் முக்கால் பங்குதான்.

வட கரோலினாவில் விடுமுறை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. வெளியேற்ற ஆணை வந்து தங்க முடியாமல் போன ஒவ்வொரு இரவுக்கும் வாடகையைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஆனால் வீட்டுக்காரர் முன்கூட்டியே காப்பீடு வாங்கச் சொல்லி, நாம் வேண்டாம் என்று விட்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். வாங்கியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அந்தக் காப்பீட்டின் விலை மொத்த வாடகையில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு செய்யும்போது அந்தக் கட்டத்தில் "வேண்டாம்" என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர். நாங்கள் மார்ச்சில் வாங்கிவிட்டோம். அதனால் திங்கள் முதலான இரவுகளுக்குப் பணம் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு இரவுக்கும் வரவில்லை, ஏனென்றால் அப்போது ஆணை இல்லை.

அதாவது, ஆணை வருவதற்கு முன்னால் நாமாக விலகினால் அந்த நாட்களுக்கான பணம் நம்முடையது இல்லை. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டால், "கட்டிய பணம் வீணாகிறதே" என்ற ஒரே காரணத்துக்காகப் பெட்டியைக் கட்டும் தவறு நடக்காது.

எங்கள் வீட்டில் எப்படி முடிவானது

வியாழக்கிழமை இரவு நான் கூம்புப் படத்தை டிவியில் பெரிதாக்கி அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். காற்று இத்தனை மைல், வகை இத்தனை என்று. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "காத்து எவ்வளவுன்னு அப்புறம் பாக்கலாம் தம்பி, அந்த ஊருக்கு ரோடு எத்தனை இருக்கு?" என்றார். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த இரவில் அவர் வேதாரண்யத்தில் இருந்தவர். விடிந்து பார்த்தபோது ஊரிலிருந்து வெளியே போகும் பாதை முழுக்கத் தென்னையும் மின்கம்பமும் கிடந்ததை இன்றைக்கும் சொல்வார்.

ஒரு ரோடு, ஒரு பாலம் என்றேன். தெற்கே போனால் படகு, ஆனால் அது இன்னொரு தீவுக்குத்தான் போகும். தீவில் மருத்துவமனை இல்லை. அதற்கு நாக்ஸ் ஹெட் என்ற ஊர் வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அப்பா இன்சுலின் போடுகிறவர், அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் இந்த நான்கு வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். நல்ல பல சாலைகள் இருக்கிற, பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிற மர்ட்டில் பீச் போன்ற ஊர், பெரியவர்கள் மட்டும் போகிறோம், புயல் கடலோடு போகும் என்று மூன்று நாளாக எல்லாக் கணிப்பும் ஒத்துப்போகிறது என்றால், தண்ணீரில் இறங்குவதில்லை என்ற உறுதியோடு போகலாம். காரில் பெட்ரோலை நிரப்பி வைத்துக்கொண்டு, ஆணை வந்த அன்றே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். ஒற்றைச் சாலைத் தீவு, கைக்குழந்தை, வயதானவர்கள் என்றால் வகை ஒன்றாக இருந்தாலும் போகாதீர்கள். விமானத்தில் போய் இறங்கி, திரும்பி வரும் விமானத்தை மட்டுமே நம்பி இருக்கும் இடங்களையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். 2023 அக்டோபரில் ஓடிஸ் ஒரே நாளுக்குள் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகையாகி மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. கிளம்பலாமா என்று யோசிக்கக்கூட அங்கே இருந்த பயணிகளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

முன்னால் போன நண்பர் குடும்பம் திங்கள் காலை ஏழு மணிக்கே காரில் ஏறி, நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது. அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இளம் வயது, இரண்டு கார், சொன்னவுடன் கிளம்பினார்கள்.

நாங்கள் அந்தச் சனிக்கிழமை வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் ஜோர்டான் ஏரிக்குப் போனோம். அம்மா புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் ஏரிக்கரை மணலில் சாயங்காலம் வரை தோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா கால் நனைத்துவிட்டு வந்து, "உப்பே இல்லையேப்பா" என்றார். அட்லாண்டிக்கை அவருக்கு அக்டோபர் கடைசியில் காட்டினோம், மூன்று நாள், பாதி வாடகையில். போகும் வழியில் அந்தப் பாலத்தின் மேல் வந்ததும் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.