கேரள எல்லைக்கு அப்பால் ‘எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்’ நீர்ப் பூங்காச் சுற்றுலா: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

குற்றாலத்தில் குளிக்கத் தடை விதிக்கப்படும் நாட்களில், செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் தவறாமல் வந்து விழுகிறது. கொல்லம் மாவட்டத்து மலையடிவாரத்தில் ஆற்று நீரைத் தேக்கி அமைத்த இயற்கை நீர்ப் பூங்காவுக்கு ஒரு நாள் சுற்றுலா என்றும், வேன், நுழைவுச்சீட்டு, காலை உணவு, மதிய உணவு, மாலைத் தேநீர், மிதக்கும் டியூப், லைஃப் ஜாக்கெட், லாக்கர் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்றும் அது சொல்கிறது. இந்தச் சீசனில் நாங்களும் அக்கா குடும்பமும் சேர்ந்து அந்தச் சுற்றுலாவுக்குப் போய்வந்தோம். ஏமாந்த பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளம் வரக்கூடிய ஆற்றில், காவலுக்கு ஒருவரும் இல்லாத இடத்தில், பிள்ளைகளை இறக்கிவிடப் பார்த்தார்கள். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

தென்காசியில் உள்ள ஒரு டிராவல்ஸ் அலுவலகம்தான் சீட்டு விற்றது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,650 ரூபாய், சிறுவர்களுக்கு 1,200 ரூபாய். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவர் தண்ணீரில் இறங்கமாட்டார், அவருக்குக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். “அண்ணாச்சி, அங்க போயி ஒரு ரூவா கூட வெளிய எடுக்க வேண்டாம், எல்லாம் இதுலயே வந்துரும். அம்மா சாப்பிட்டுட்டு நிழல்ல உக்காந்துக்கிடட்டும்” என்றார் அங்கிருந்தவர். மழை பலமாக இருக்கிறதே, ஆற்றில் இறங்க விடுவார்களா என்று கேட்டதற்கு, அன்று காலையில்தான் பூங்காக்காரர்களிடம் பேசியதாகவும் குளங்கள் எல்லாம் திறந்திருப்பதாகவும் என் மனைவியும் அக்காவும் பக்கத்தில் இருக்கும்போதே உறுதி சொன்னார். பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ எண் ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. கொடுத்த ரசீதில் ரப்பர் முத்திரை இருந்ததே தவிர ஜிஎஸ்டி எண் இல்லை. தேதி மட்டும் தெளிவாக எழுதியிருந்தது. பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தத் தேதிதான்.

விளம்பரத்தில் இருந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடி போன்ற நீரில், சுற்றிலும் மரங்கள் அடர்ந்திருக்க, மஞ்சள் டியூப்களில் மனிதர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். குளத்தூப்புழையும் செந்துருணியும் கழுதுருட்டியும் சேர்ந்து உண்டாகும் கல்லடையாற்றைப் பார்த்தவர்களுக்கு, அதுவும் ஆடி மாதத்தில் பார்த்தவர்களுக்கு, அந்த நிறம் இந்த மலையின் நீருக்கு உரியது அன்று என்பது தெரியும். ஊர் திரும்பியபின் அக்கா மகள் அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். அது மெக்சிகோவின் கரீபியக் கடற்கரையில், நிலத்தடி நன்னீர் கடலோடு கலக்கும் கழிமுகத்தில் அமைந்த ஷெல்-ஹா என்னும் பூங்காவின் படம். அந்தப் பூங்காவிலும் ஒரே கட்டணம்தான். ஆனால் உணவு, பானங்கள், டியூப், நீருக்கடியில் பார்ப்பதற்கான முகமூடி, லாக்கர் என எவையெல்லாம் அதில் அடங்கும், எவற்றுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும் என்பதைச் சீட்டு விற்கும்போதே பட்டியலாகக் காட்டிவிடுகிறார்கள். நம்மிடம் படத்தை மட்டும் காட்டினார்கள். பட்டியலைக் கண்ணிலேயே காட்டவில்லை.

புளியரை தாண்டி ஆரியங்காவில் வேனை நிறுத்திய ஓட்டுநர், கேரள பெர்மிட்டுக்கான பணம் கட்டணத்தில் சேராது என்று சொல்லி ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்தார். டிராவல்ஸ்காரருக்குப் பலமுறை போன் செய்தும் அவர் எடுக்கவில்லை. காலை உணவாக ஆளுக்கு மூன்று இட்லி கொண்ட பொட்டலத்தை வேனிலேயே கொடுத்து முடித்துவிட்டார்கள்.

பூங்கா வாசலில் எங்கள் கூப்பனை வாங்கிக்கொண்டு கையில் வெள்ளைக் காகிதப் பட்டையைக் கட்டினார்கள். நேரடியாக அங்கேயே சீட்டு எடுத்தவர்களுக்குப் பச்சைப் பட்டை. வெள்ளைப் பட்டைக்கு நுழைவும் மதியச் சாப்பாடும் மட்டுமே உண்டு என்பது ஒவ்வொரு கவுண்டராகப் போய் நின்றபோதுதான் தெரியவந்தது. லாக்கருக்கு வாடகையும் சாவிக்கு முன்பணமும் கேட்டார்கள். டியூபுக்கு மணிக்கணக்கில் வாடகை. பருத்தித் துணி உடுத்து நீரில் இறங்கக் கூடாது, நைலான் உடைதான் வேண்டும் என்பது பல நீர்ப் பூங்காக்களில் உள்ள விதிதான். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் வீட்டிலிருந்தே எடுத்துப்போயிருப்போம். அங்கே அதை வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். முந்தைய ஆள் கழற்றிப் போட்ட ஈரம் காயாமல், பிழிந்து மடித்து அடுக்கியிருந்த அந்த உடைகளைக் கையில் வாங்கியவுடனேயே என் மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டாள். இருபது ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை உள்ளே இருந்த கடையில் நாற்பது ரூபாய்க்கு விற்றார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் சட்டமுறை எடையளவு விதிகளுக்கு மாறானது என்று எடுத்துச் சொல்லிப் பில் கேட்டேன். பில் போடும் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தனையையும் கூடுதல் செலவு என்று பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆற்றுக்குப் போகும் பாதையில் கண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாதையின் குறுக்கே நைலான் கயிறு கட்டி, அதில் ஒரு பலகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் மலையாளத்தில் மட்டுமே எழுதியிருந்தது. எங்களோடு வேனில் வந்தவர்களில் பலருக்கு அது படிக்கத் தெரியவில்லை. எல்லையோரத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும். கனமழை காரணமாக ஆற்றுக் குளங்களும் கயாக் படகும் மறு அறிவிப்பு வரும்வரை மூடப்பட்டிருப்பதாக எழுதி, கீழே தேதியும் போட்டிருந்தார்கள். அந்தத் தேதி, நாங்கள் தென்காசியில் பணம் கட்டிய நாளுக்கு நான்கு நாள் முந்தையது. குளங்கள் எல்லாம் திறந்திருக்கின்றன என்று எங்களிடம் உறுதி சொன்ன நேரத்தில் அவை மூடிக் கிடந்தன. டிராவல்ஸ்காரர் விசாரிக்காமலேயே சொன்னாரா, பூங்காக்காரர்கள் அவரிடம் மறைத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும், இல்லாத ஒன்றைக் காசுக்கு விற்றிருக்கிறார்கள். பலகையை, தேதி தெளிவாக விழும்படி, அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மாற்றாக அவர்கள் காட்டியது ஒரு சிமெண்டுத் தொட்டி. இடுப்பளவு ஆழம், அன்று வந்த எல்லா வேன் கூட்டமும் அதற்குள்தான். பாசி பிடித்த ஓரத்தில் வழுக்கி விழுந்த ஒரு குழந்தையை அதன் தாய் தூக்கிக்கொண்டு ஓடியபோது முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அங்கிருந்த பணியாளருக்குச் சொல்லத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மீன்குழம்பும் கப்பையும் பச்சைப் பட்டைக்காரர்களுக்கு மட்டும் என்றார்கள், எங்களுக்குச் சோறும் சாம்பாரும் மோரும் கிடைத்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு பூங்காப் பணியாளர் ஒருவர் இளவட்டங்களாகப் பார்த்து அணுகினார். மெயின் குளம்தான் அடைப்பு, கீழே ஒரு வளைவில் நீர் அமைதியாக இருக்கிறது, ஆளுக்கு இருநூறு ரூபாய் கொடுத்தால் கூட்டிப்போய் லைஃப் ஜாக்கெட்டும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அக்கா மகன், கல்லூரி முதலாண்டு படிப்பவன், தன் வயதுப் பையன்களோடு கிளம்பிவிட்டான். விஷயம் தெரிந்து அத்தானும் நானும் பின்னாலேயே போனோம். அங்கே காவலர் இல்லை, பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை, ஆழம் காட்டும் குறியும் இல்லை. மருமகன் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கிள்களில் இரண்டு உடைந்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக் கயிறு கொண்டு முடிச்சுப் போட்டிருந்தது. தையல் விட்ட இடத்தில் உள்ளிருந்த நுரைத் துண்டு விரல் பட்டவுடனே உதிர்ந்தது. எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு உரியது என்று அச்சிட்டிருக்க வேண்டிய லேபிள் முற்றிலும் அழிந்துபோயிருந்தது. நீரில் இழுபட்டால் தலை வழியே உருவிக்கொண்டு போய்விடக்கூடிய ஒன்றை உயிர் காக்கும் சாதனம் என்று மாட்டிவிட்டிருந்தார்கள்.

அப்போதே நீரின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. கலங்கல் கூடி, சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வந்தன. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதற்குப் பொருள் தெரியும். மேலே எங்கோ மழை கொட்டுகிறது, நீர் வந்துகொண்டிருக்கிறது. அத்தான் சத்தம் போட்டு எல்லாப் பையன்களையும் கரையேற்றினார். “ஒண்ணும் ஆகாது சேட்டா, இது எப்பவும் இப்படித்தான்” என்று அந்தப் பணியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் மேலேறி நின்ற சிறிது நேரத்திலேயே, அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை நீருக்குள் மறைந்துவிட்டது.

இதை எழுதும்போதும் மனம் பதறுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதுகாப்பு வளைவும் காவலர்களும் உள்ள குற்றாலத்திலேயே அருவியில் நீர்வரத்துக் கூடியதும் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். நாங்கள் போன அன்று கொல்லம் மாவட்டத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டரிலிருந்து 204.4 மில்லிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும் என்பது அதன் பொருள். அப்படிப்பட்ட நாளில் ஒருவரையும் ஆற்றுக்குக் கூட்டிப்போகக் கூடாது. மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு பணியாளர் தனியாகச் செய்தது என்று பின்னர் பூங்கா மேலாளர் கூறினார். ஆனால் அந்த ஜாக்கெட்டுகள் பூங்காவின் அறையிலிருந்து எடுத்துவரப்பட்டவை. அவற்றில் பூங்காவின் பெயர் அச்சிட்டிருந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, நீங்கள் ஏஜென்டிடம்தான் கட்டினீர்கள், எங்களுக்கு ஆளுக்கு இவ்வளவுதான் வந்தது என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். தென்காசி திரும்பி டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனால், மழைக்கு நான் என்ன செய்ய முடியும், பூங்காவிடம் கேளுங்கள் என்றார்கள். கூப்பனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பத் தரப்படாது என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். எல்லையின் இந்தப் பக்கம் விற்றவர் அந்தப் பக்கத்தைக் கைகாட்டுவதும், அந்தப் பக்கத்தில் இருப்பவர் இந்தப் பக்கத்தைக் கைகாட்டுவதும்தான் இவர்களின் பலம். வேறு மாநிலத்தில் போய் யார் வழக்கு நடத்துவது என்று பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டியதே இல்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவின்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே அந்தச் சட்டம் வரையறுக்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே வகைதான். நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்தேன். அதன்பிறகு டிராவல்ஸ்காரரே போன் செய்து, பலகையின் படத்தை அழித்துவிட்டால் பாதிப் பணம் தருகிறேன் என்றார். நான் சம்மதிக்கவில்லை. இப்போது ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆற்றங்கரையில் நடந்ததைத் தனியாக எழுதி, ஜாக்கெட்டின் படத்தோடு கொல்லம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்தச் சீசனில் அப்படிப்பட்ட சுற்றுலாவுக்குப் போக நினைப்பவர்கள், கட்டணத்தில் அடங்குபவை எவை, ஆற்றுக் குளம் மூடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவது யார் என்ற இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். ரசீதில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு, 32 என்று தொடங்கினால் கேரளப் பதிவு, யாருடையது என்பதை ஜிஎஸ்டி தளத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் நாள் காலையில் ஏஜென்டை நம்பாமல் பூங்காவுக்கே போன் செய்து கேளுங்கள். கொல்லம் மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். கேரள வனத்துறையின் பொறுப்பில் உள்ள பாலருவியைக்கூடப் பெருமழை நாட்களில் மூடிவிடுகிறார்கள்.

அன்று எங்களோடு அதே வேனில் வந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், கூப்பனையும் யுபிஐ பணம் போனதற்கான திரைப்பிடிப்பையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள். ஒரே குறைபாட்டால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகச் சேர்ந்து கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பலகையின் படமும் ரசீதின் நகலும் என்னிடம் உள்ளன, கேட்பவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.