வியாழனின் காந்தக்கோளம்: அன்டனாவா, நடுநிலை அணுப் படமா?

மட்டக்களப்பில் ஒரு மாணவர் குழு வியாழனின் காந்தக்கோளத்தை, அதாவது அதன் காந்தப்புலம் ஆளும் வெளியை, ஆராய விரும்பினால் கைக்கெட்டும் வழி இரண்டு. 20.1 மெகாஹேர்ட்ஸ் அன்டனா கட்டி வியாழனின் வானொலி இரைச்சலைக் கேட்கலாம். அல்லது கசினி விண்கலத்தின் இன்கா கமெரா பதிந்த நடுநிலை அணுத் தரவை நாசாவின் காப்பகத்திலிருந்து இறக்கலாம்.

வேகமான அயன் ஒன்று குளிர்ந்த வாயு அணுவின் இலத்திரனைப் பறித்தால் ஏற்றமற்ற நடுநிலை அணுவாகிவிடும். காந்தப்புலம் அதற்குமேல் அதை வளைக்காது. 50 கிலோ இலத்திரன்வோல்ட் ஐதரசன் செக்கனுக்குச் சுமார் 3,100 கிலோமீற்றர் வேகத்தில் நேராகப் பறக்கும். வந்த திசையைப் பதிந்தால் படம். வளிமண்டலம் தடுப்பதால் மட்டக்களப்புக் கல்லடியில் எதை நிறுத்தினாலும் இது பிடிபடாது.

படம் வாயுவையும் அயனையும் பெருக்கியே காட்டும். ஓரிடம் பிரகாசித்தால் கூடியது எது என்று அது தனியே சொல்லாது. கவனமில்லாதவர்கள் வழுக்குவது இங்கேதான். வியாழன் தரவும் மெலிந்தது. 2000 டிசம்பரில் கசினி 97 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் கடந்ததால், வியாழனின் துணைக்கோள் யுரோப்பாவின் பாதையே மையத்திலிருந்து 4 பாகை கூட இல்லை, அதாவது சில படப்புள்ளிகள். பயிற்சிக்கு 2004 முதல் 2017 வரையான சனிப் படங்களே மேல். சூரியன் பார்வைப் புலத்துக்குள் வந்த நேரங்களை முதலில் கழித்துவிடுங்கள்.

அன்டனா மலிவு, வேலை அதிகம். செப்புக் கம்பி மொத்தம் 7.1 மீற்றர், நடுவில் வெட்டி இரு கை. வியாழன் இங்கே உச்சிக்கு அருகில் கடப்பதால் 3.7 மீற்றர் உயரம் பொருந்தும். கம்பம் மூங்கிலாக இருக்கட்டும், இரும்பு வேண்டாம். உவர்க்காற்று ஈய ஒட்டை அரிக்கும். இணைப்பை இறுக மூடுங்கள். அன்டனாக் கேபிளை வானொலி வாங்கியில் செருகியதும் இரைச்சல் உயராவிட்டால் கோளாறு அன்டனாவில் அல்லது கேபிளில். உயர்ந்தாலும் நம்பவேண்டாம், அயல்வீட்டு எல்ஈடி பல்பும் அதைச் செய்யும். பால்வெளியின் இரைச்சல் என்றால் அதன் உச்சம் நாளுக்கு 4 நிமிடம் முந்தும்.

ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற, கணினியில் செருகும் வானொலி வாங்கியின் மூன்றாம் பதிப்பில், அலையை நேரடியாக எண்ணாக்கும் மாதிரியெடுப்பு வீதம் 28.8 மெகாஹேர்ட்ஸ் என்பதால் 8.7 மெகாஹேர்ட்ஸ் நிலையங்கள் மடிந்து 20.1 மேல் விழும் (28.8 − 8.7 = 20.1). வடிகட்டி இல்லாமல் பதிந்ததை வியாழன் என்று சொல்லக்கூடாது.

ஆனால் அன்டனா காட்டுவது காந்தக்கோளம் முழுவதையும் அல்ல, பெரும்பாலும் அயோ என்ற துணைக்கோளோடு பிணைந்த காந்தப் புலக்கோடுகளில் பிறந்து, உள்ளீடற்ற கூம்பாகப் பரவி, பூமியைத் தற்செயலாகத் தொடும் வானொலி அலைகளை மட்டுமே. அயனின் பரவலைக் கேட்டால் அணுப் படத்துக்கே போகவேண்டும். மாரி மழையும் இடியும் உள்ள நவம்பர், டிசம்பரில் தரவை வாசித்து, பெப்ரவரியில் அன்டனாவை ஏற்றலாம். முன்னிரவில் நடுக்கோட்டு அயனமண்டலம் (வளிமண்டலத்தின் மேலுள்ள ஏற்றம் பெற்ற படலம்) சமிக்ஞையைச் சிமிட்டவைக்கும், நள்ளிரவுக்குப் பின் கேளுங்கள்.