ஒன்பது மாதம் முதல் மூன்று வயது வரை: தடுப்பூசியின் காலமும் இடைவெளியும்

திருகோணமலையில் நடைபயிலும் வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக் அட்டவணையை அப்படியே பின்பற்றுவது முதலாவது. அதே வயதுகளில் தனியார் வைத்தியசாலையில் காசு கொடுத்து வேறு வகை மருந்தைப் போடுவிப்பது இரண்டாவது. ஒரே நாளில் போட வேண்டியவற்றைப் பிரித்து, "பிள்ளை கொஞ்சம் தேறட்டும்" என்று தள்ளிப் போடுவது மூன்றாவது. லண்டனிலோ கனடாவிலோ உள்ள உறவினர் சொல்லும் அட்டவணையை இங்கே கடைப்பிடிப்பது நான்காவது.

பிறந்த முதல் ஆறு மாதங்களில் பெரிதாகக் குழப்பம் எழுவதில்லை. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும், இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் குக்கல் (கக்குவான் இருமல்) உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான ஐங்கூட்டுத் தடுப்பூசியும் போலியோ மருந்தும் கொடுக்கப்படுகின்றன. தயக்கம் தலைதூக்குவது அதற்குப் பிறகுதான். ஒன்பது மாதத்தில் சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர்., பன்னிரண்டு மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, பதினெட்டு மாதத்தில் குக்கல் உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான முக்கூட்டுத் தடுப்பூசியும் போலியோச் சொட்டும், மூன்று வயதில் எம்.எம்.ஆர். இரண்டாம் தவணை என்பது தேசிய அட்டவணையின் ஒழுங்கு.

எம்.எம்.ஆரை எடுத்துக்கொண்டால் முதல் வழிக்கும் நான்காம் வழிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். பிரித்தானியாவில் முதல் தவணை ஒரு வயதிலும், அமெரிக்காவில் 12 முதல் 15 மாதங்களுக்குள்ளும் போடப்படுகிறது. அங்குள்ள சித்திமார் "அங்கே ஏன் ஒன்பது மாதத்திலேயே குத்துகிறார்கள்?" என்று கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் பிள்ளையின் இரத்தத்தில் எஞ்சியிருக்கும்வரை அது தடுப்பூசி வைரசையும் அடக்கிவிடுவதால், ஒன்பது மாதத்தில் போடும்போது ஏறத்தாழ 85 சதவீதமான பிள்ளைகளுக்கே சின்னமுத்துக்கு எதிரான பாதுகாப்பு உருவாகிறது. பன்னிரண்டு மாதத்தில் அது 95 சதவீதமளவுக்கு உயர்கிறது. தாளில் பார்த்தால் காத்திருப்பதே இலாபம்.

ஆனால் அந்தக் காத்திருப்பை இலங்கை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 2011இல் எம்.எம்.ஆர். அறிமுகமானபோது முதல் தவணை ஒரு வயதுக்கு வைக்கப்பட்டது. 2013, 2014இல் சின்னமுத்து பரவியபோது ஒரு வயது நிரம்பாத, இன்னும் ஊசி போடப்படாத குழந்தைகள் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள். அதனால் 2015இல் எம்.எம்.ஆர். ஒன்பது மாதத்துக்கு முன்னகர்த்தப்பட்டு, அதுவரை அந்த வயதில் இருந்த மூளைக்காய்ச்சல் ஊசி பன்னிரண்டு மாதத்துக்கு மாற்றப்பட்டது. 2019இல் சின்னமுத்து ஒழிந்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்ட பின்னரும் 2023இல் அந்நோய் மீண்டும் வந்தது. பாதுகாப்பின் உச்ச அளவைவிட நோய் பிள்ளையை எப்போது சந்திக்கும் என்பதே இங்கே கணக்கு.

என் பார்வையில், நமது அட்டவணையில் குறை காண்பதானால் அது அவசரத்தில் அல்ல, தாமதத்தில்தான். முதல் தவணை பலிக்காத பிள்ளைகள் மூன்று வயதுவரை இரண்டாம் தவணைக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. பிரித்தானியா அண்மையில் தன் இரண்டாம் தவணையை 3 வயது 4 மாதத்திலிருந்து 18 மாதத்துக்கு முன்னே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவும் 16 முதல் 24 மாதங்களுக்குள் கொடுத்துவிடுகிறது. வெளிநாட்டு அட்டவணையிலிருந்து கடன் வாங்குவதென்றால் வாங்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது வழியை, அதாவது பிரித்துப் பிரித்துத் தள்ளிப்போடுவதை, நான் ஏற்கவில்லை. பல ஊசிகள் பிள்ளையின் எதிர்ப்புச் சக்திக்குப் பாரம் என்பதே அதன் அடிப்படை. தவழும் பிள்ளை நிலத்தில் கிடக்கும் ஒரு பொருளை வாயில் வைக்கும்போதே எண்ணற்ற நுண்ணுயிர்களைச் சந்திக்கிறது. அதற்கு முன் தடுப்பூசியின் சுமை சிறிது. தள்ளிப்போடுவதால் பக்கவிளைவு குறைவதுமில்லை. எம்.எம்.ஆரின் முதல் தவணையை 16 மாதத்துக்குப் பின்னர் பெற்ற பிள்ளைகளிடம் காய்ச்சல் வலிப்பு அபாயம், 12 முதல் 15 மாதங்களுக்குள் பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது என்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மூளைக்காய்ச்சல் ஊசியைப் பிற்போடுவது தம்பலகாமம், கந்தளாய் போன்ற வயற்பகுதிகளில் இன்னும் பாதகமானது. அந்நோயைப் பரப்பும் நுளம்பு நெல்வயல் நீரிலேயே பெருகுகிறது. பெரும்போக வயல்கள் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் ஊசியில்லாத பிள்ளை அங்கே வளர்வது வீண் பந்தயம்.

இரண்டாவது வழிக்கு ஓரளவு நியாயம் உண்டு. கிளினிக்கில் போடப்படும் ஐங்கூட்டு, முக்கூட்டு ஊசிகளில் குக்கல் கிருமி முழுதாகக் கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. தனியார் வைத்தியசாலைகளின் அறுகூட்டு ஊசியிலோ அக்கிருமியின் தெரிந்தெடுத்த சில புரதங்களே உள்ளன. ஆகவே காய்ச்சலும் ஊசி போட்ட இடத்து வீக்கமும் பின்னதில் குறைவு. ஆனால் முழுக்கிருமி ஊசி தரும் பாதுகாப்பு கூடுதல் காலம் நிலைப்பது, பின்னதுக்கு மாறிய நாடுகளில் குக்கல் மீண்டும் தலைகாட்டியபோது தெரியவந்தது. ஓரிரு இரவு பரசிட்டமோலும் விழிப்பும் அதற்கான விலை. கடந்த தவணையில் கடுமையான எதிர்விளைவு ஏற்பட்ட பிள்ளைக்கு அறுகூட்டை வைத்தியரே பரிந்துரைக்கக்கூடும். மற்றவர்கள் அந்தக் காசை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த வேறொன்று கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசியாக இருக்கலாம். அது தேசிய அட்டவணையில் இல்லை. ஒரு வயதுக்குப் பின் தனியாரிடம் போடுவிக்கலாம். இடைவெளி உண்மையிலேயே முக்கியமாவது இங்கேதான். எம்.எம்.ஆர்., மூளைக்காய்ச்சல், கொப்புளிப்பான் ஆகிய மூன்றும் உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட வைரசுகளைக் கொண்டவை. அவற்றில் இரண்டை ஒரே நாளில் போடலாம். இல்லையேல் நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். ஒரு கிழமை முன்னர் தனியாரிடம் கொப்புளிப்பான் ஊசி போட்டுவிட்டு கிளினிக்கில் மூளைக்காய்ச்சல் ஊசிக்கு வந்தால் திருப்பி அனுப்பப்படுவது சரியே. வாயால் கொடுக்கும் போலியோச் சொட்டுக்கும் முக்கூட்டு ஊசிக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தனியாரிடம் போட்ட ஊசியையும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் அதைப் பார்த்துத்தான் அடுத்த திகதியைக் குறிப்பார்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தனி வகை. அங்கே ஐங்கூட்டு ஊசி 6, 10, 14 வாரங்களில் முடிந்துவிடும். அந்தக் குறுகிய இடைவெளி செல்லுபடியாகும். மீண்டும் தொடங்கத் தேவையில்லை. இடையில் தவறிய தவணைக்கும் இதுவே விதி: நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இந்தியாவின் அரசுத் திட்டத்தில் சின்னமுத்தும் ருபெல்லாவும் மட்டுமே உண்டு, கூகைக்கட்டு இல்லை. மூளைக்காய்ச்சல் ஊசியும் எல்லா மாவட்டங்களிலும் போடப்படுவதில்லை. அத்தகைய பிள்ளையின் இந்திய அட்டையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், இந்த இரண்டு இடைவெளிகளையும் நிரப்பித் தருமாறு கேட்க வேண்டும்.