மாண்டரினா, கார்ட்டரா: மார்வெல் குறும்படங்களில் எதை முதலில் போடுவது?

போன சனிக்கிழமை ராத்திரி அக்கா மகனும் நானும் 'அயர்ன் மேன் 3' பார்த்து முடித்தபோது மணி பத்தரை. "மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான். "கால் மணி நேரம்தான், அதுக்கு மேல டிவியை அணைச்சிடுவேன்" என்று உள்ளே இருந்து அக்காவின் குரல். கால் மணி நேரத்துக்குள் முடிகிற மார்வெல் என்றால் ஒன்-ஷாட் குறும்படங்கள்தான். 2011 முதல் 2014 வரை, படங்களின் ப்ளூ-ரேயோடு கொசுறாக வந்தவை, மொத்தம் ஐந்து. எனக்கு இழுபறி இரண்டுக்கு நடுவில்: 'ஏஜென்ட் கார்ட்டர்', 'ஆல் ஹெய்ல் தி கிங்'. போட்டது இரண்டாவதை.

மற்ற மூன்றைச் சட்டென்று தாண்டிவிடலாம். தோர் சுத்தியலைத் தேடிப் போகிற வழியில் உளவாளி கோல்சன் பெட்ரோல் பங்கில் டோனட் வாங்கும் கதை நாலு நிமிஷம். பவுடர் தூவியதா, சாக்லேட்டா என்று யோசித்துக்கொண்டே திருடர்களைச் சாய்ப்பார். ஜாலி, அவ்வளவுதான். 'ஐட்டம் 47' சிட்டாரி என்ற வேற்றுகிரகவாசிகளின் துப்பாக்கி கையில் சிக்கிய ஒரு ஜோடி வங்கி வங்கியாகக் கொள்ளையடிக்கும் கதை. லிஸி காப்லன் நன்றாகச் செய்திருப்பார், ஆனால் அந்த ஜோடியை அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் காணோம். 'தி கன்சல்டன்ட்' சுத்தமான ஒட்டுவேலை. 2008 ஹல்க் படத்தின் கடைசியில் டோனி ஸ்டார்க் (அதாவது அயர்ன் மேன்) ராணுவ ஜெனரல் ராஸிடம் போய் ஒரு டீம் சேர்க்கிறோம் என்பார். ஸ்டார்க் டீமுக்கு வெறும் ஆலோசகர்தான் என்று 'அயர்ன் மேன் 2' சொன்னபோது அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. ராஸ் பிடியில் இருக்கும் வில்லனை டீமில் சேர்க்கும் பேச்சுவார்த்தை கெட்டுப்போகட்டும் என்றே ஸ்டார்க்கை அனுப்பினோம் என்று நாலே நிமிஷத்தில் சமாளித்தார்கள். தன்னை வெளியே தள்ளப் பார்த்த பாரையே அந்த மனுஷன் விலைக்கு வாங்கி இடிக்க ஏற்பாடு செய்வது மட்டும் இன்னும் சிரிப்பு.

இனி நம்ம இரண்டு. தனியாக எடுத்துப் பார்த்தால் கார்ட்டர்தான் நல்ல படம், அதை மறைக்கப் போவதில்லை. ஆண்கள் எல்லாரும் குடிக்கக் கிளம்பிப் போன ராத்திரி, உளவு ஆபீஸில் பெக்கி கார்ட்டர் மட்டும். போன் அடிக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை போக வேண்டிய வேலை என்கிறது குரல். ஒரு நொடி காலி மேஜைகளைப் பார்த்துவிட்டுத் தனியாகவே கிளம்பிவிடுவார். பெக்கியாக வரும் ஹேலி அட்வெல் முகத்தில் அந்த ஒரு நொடி போதும். முன்கதை தெரியாத ஆளுக்கும் புரியும்.

பிறகு ஏன் அதைப் போடவில்லை? வண்டி வாங்கும்போது மைலேஜை விட ரீசேல் பார்க்கிற ஆள் நான். இந்த மாதிரிக் குறும்படத்துக்கும் ரீசேல் உண்டு: பின்னால் வந்த கதை அதைத் தூக்கிப் பிடித்ததா, காலை வாரிவிட்டதா என்பது. கார்ட்டர் படம் முடியும்போது டோனியின் அப்பா ஹோவர்ட் ஸ்டார்க் போன் செய்து, ஷீல்ட் என்ற புது உளவு அமைப்பை நடத்த வரச் சொல்கிறார். கைதட்டல் முடிவு. ஆனால் 2015இல் அதே பெயரில் சீரியல் வந்தபோது, 1946லும் பெக்கி பழைய ஆபீஸிலேயே அடுத்தவர்களுக்கு எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். குறும்படமும் இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம்தான் நடக்கிறது. இரண்டையும் எப்படி அடுக்கினாலும் உட்காராது. இரண்டு சீசனோடு, ஷீல்டை எட்டுமுன்பே சீரியலும் நின்றுபோனது.

கிங் இதற்கு நேர் எதிர். பயங்கர வில்லனாகக் காட்டிய மாண்டரின் வெறும் குடிகார நடிகன் ட்ரெவர் ஸ்லாட்டரி என்று 'அயர்ன் மேன் 3' போட்டு உடைத்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். 2013இல் தியேட்டரில் எனக்கும் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. என் மருமகனும் அன்றைக்கு அதே கடுப்பில், "அப்ப நிஜ மாண்டரின் யாரு?" என்றான். அந்தப் படத்தின் இணை எழுத்தாளர் ட்ரூ பியர்ஸே எழுதி இயக்கிய குறும்படம் அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறது. சிறையில் எடுபிடி ஆளோடு ராஜா மாதிரி இருக்கிறார் ட்ரெவர். ஆவணப்படம் எடுப்பதாகச் சொல்லி ஒருவன் வருகிறான். ட்ரெவராக வரும் பென் கிங்ஸ்லி கேமராவுக்கு முன் குழைகிற குழைவும், கேட்டதும் மாண்டரின் குரலுக்கு மாறுகிற வேகமும்! அப்புறம் அந்தக் கேமராவில் இருந்தே துப்பாக்கி வெளியே வரும். நிஜ மாண்டரின் ஒருவர் இருக்கிறார், தன் பெயரைத் திருடியதில் கடுங்கோபத்தில் இருக்கிறார். அவ்வளவுதான் படம்.

2014இல் இது சப்பைக்கட்டு என்று நினைத்தேன். ஏழு வருஷம் கழித்து 'ஷாங்-சி'யில் டோனி லியூங் அந்த நிஜ ஆளான வென்வூவாக வந்து, மாண்டரின் என்ற ஆரஞ்சுப் பழத்தின் பெயரைக் கேட்டு அமெரிக்கா நடுங்கியதே என்று நக்கலடித்தபோதுதான் இதன் விலை ஏறியது. ட்ரெவரே அதில் திரும்ப வருகிறார், கொல்லக் கொண்டுபோனவர்களிடம் மேக்பெத் நடித்துக் காட்டித் தப்பிய கதையோடு. பதினாலு நிமிஷ ஒட்டுவேலை, ஒரு முழுப் படத்துக்கு அஸ்திவாரமாகிவிட்டது.

மார்வெலின் போட்டிக் கம்பெனி டிசி பக்கமும் அனிமேஷன் குறும்படங்கள் உண்டு. நான் பார்த்தது 2011இல் வந்த 'கேட்வுமன்' ஒன்றுதான், அதை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்ல மனசு வரவில்லை. இன்னொன்று: கிங்கைப் போடுவதென்றால் 'அயர்ன் மேன் 3' பார்த்த சூட்டோடு போட வேண்டும். அது தெரியாதவர்களுக்கு ட்ரெவர் யாரோ ஒரு கிழவர்.

அடுத்த நாள் 'ஷாங்-சி'யில் ட்ரெவர் தலையைக் காட்டியதும் பையன் சோபாவில் இருந்து குதித்தே விட்டான். இந்த வாரம் கார்ட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவன் கேட்பதோ, இந்த ஐந்தில் சேராத, தோர் ஆஸ்திரேலியாவில் டேரில் என்ற ஆபீஸ் ஆளோடு ரூம் போட்டுத் தங்கும் அந்தக் காமெடி.