சித்தூர் ஓவிய நகல் கடையில் தெரேனின் தேம்ஸ்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் நான் பணிபுரியும் தமிழ்வழிப் பள்ளியின் ஓவிய அறைக்காக, பிரெஞ்சு ஓவியர் ஆந்த்ரே தெரேன் லண்டனின் தேம்ஸ் ஆற்றுத் துறைமுகத்தை 1906-இல் வரைந்த ‘பூல் ஆஃப் லண்டன்’ ஓவியத்தின் நகலொன்றை, அச்சிட்டுச் சட்டமிட்டுத் தரும் உள்ளூர்க் கடையொன்றில் செய்து வாங்கினேன். லண்டன் டேட் கலைக்கூடத்திலுள்ள மூல ஓவியம் 65.7 × 99.1 செ.மீ. அளவுடையது என்பதால், 24 × 36 அங்குலத் தாளில் ஓரம் வெட்டுப்படாமல் ஏறத்தாழ முழுமையாகவே அமைந்தது.

முதல் நகல் ஏமாற்றம் தந்தது. “மாஷே, ஆத்துத் தண்ணி இப்படி மஞ்சளும் பச்சையுமா இருக்குமா? ஃபைல்ல கலர் கெட்டிருந்தது, சரி பண்ணிட்டேன்” என்று கடைக்காரத் தம்பி அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் அவர் சரிசெய்தது அந்த ஓவியத்தின் உயிரையே.

பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த தேம்ஸ் காட்சிகள் 1904-இல் பாரிஸில் பெரும் வரவேற்பைப் பெற்ற பிறகு, அதே ஆற்றை வரைந்து வரும்படி தெரேனை லண்டனுக்கு அனுப்பியவர் ஓவிய வணிகர் வோலார். மோனே பாலத்தையும் நீரையும் மூடுபனியில் கரைத்தார். தெரேனோ லண்டன் பாலத்தின் மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல், சரக்குக் கப்பல்களின் தளங்களை நம் காலடியில் விரித்து, அவற்றுக்குப் பின்னால் டவர் பாலத்தை நிறுத்துகிறார். சிவப்பு நம்மை நோக்கி வருகிறது, நீலம் விலகிப் போகிறது. அண்மையையும் தொலைவையும் இந்த ஓவியத்தில் பெரிதும் உணர்த்துவது இந்த நிற மோதல்தான் என்பது என் வாசிப்பு. ஒன்றோடொன்று குழையாமல் நிற்கும் தூரிகைத் தீற்றல்கள் நீரின் நிறத்தைவிட அதன் அசைவையும் துறைமுகத்தின் பரபரப்பையுமே காட்டுகின்றன.

திருத்தாமல் அச்சிட்ட இரண்டாம் நகலைக் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தபோது வேறுபாடு விளங்கிற்று: முதல் நகலில் கப்பலின் சிவப்பு மங்கி, நீர் சாம்பல் நீலமாகி, கப்பலும் பாலமும் ஒரே தளத்தில் ஒட்டிக் கிடந்தன, இரண்டாவதில் கப்பல் மேசையைவிட்டு எழும்பி வந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, “பொழுது சாயுறப்ப நம்ம கண்ணாடிப்புழை ஆறும் நீலமா இருக்காது, சார்” என்றாள். நான் கரும்பலகையில் எழுதியிருந்த விளக்கத்தைவிட அது நேராக ஓவியத்தைத் தொட்டது.

மரச்சட்டத்தின் மூலைப் பொருத்தம் இடைவெளியின்றி இருக்கிறது, பின்பலகையும் உறுதியானது. சாதாரணக் கண்ணாடி போட்டதுதான் குறை. டியூப்லைட் வெளிச்சம் சரியாக நீர்ப்பகுதியின் மேல் விழுந்து தீற்றல்களை மறைக்கிறது. பளபளப்பில்லாத அக்ரிலிக் கேட்டு வாங்குவதும், ‘நிறத்தைத் திருத்த வேண்டாம்’ என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பதும் நல்லது.