ஒரே ஃப்ளாஷ் வச்சு போர்ட்ரெய்ட் எடுக்க எந்த ரிஃப்ளெக்டர்? வருஷக்கணக்கா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

ஒரு ஸ்பீட்லைட் (கேமரா மேல மாட்டற சின்ன ஃப்ளாஷ்), ஒரு வெள்ளைக் குடை, சில சமயம் சின்ன சாஃப்ட்பாக்ஸ் (முன்னாடி வெள்ளைத் துணி போட்ட பெட்டி), இதை வச்சுதான் பல வருஷமா போர்ட்ரெய்ட் எடுத்துட்டு இருக்கேன். நிழல் பக்கத்தைப் பாத்துக்கறது முழுக்க ரிஃப்ளெக்டரோட வேலை, அதாவது ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்பற பலகையோட வேலை. ரவுண்டா மடக்கறது, கைப்பிடி வச்ச முக்கோணம், ஆளுயர பேனல், சாதாரண தெர்மாகோல் ஷீட்னு எல்லாத்தையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணியாச்சு, எது ஒவ்வொரு ஷூட்லயும் வெளிய வருது எது பைக்குள்ளயே கெடக்குதுன்னு இப்ப தெளிவா சொல்ல முடியும். வாங்கப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது சில்வரா கோல்டான்னுதான், ஆனா அதுக்கு முன்னாடி சைஸ் என்ன, எங்க நிறுத்தப் போறோம்னு யோசிக்கணும், ஒரே ஃப்ளாஷ்னா இது இன்னும் முக்கியம்.

ஏன்னா ரெண்டு ஃப்ளாஷ் இருந்தா ஒண்ணோட பவரைக் குறைச்சு நிழல் எவ்ளோ ஆழமா இருக்கணும்னு நாமளே வச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணுன்னா பவரை ஏத்துனா வெளிச்சப் பக்கமும் ஏறும், ரிஃப்ளெக்டர்ல பட்டு வர்றதும் அதே அளவுக்கு ஏறும், அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்) மாத்துனாலும் ஐஎஸ்ஓ (கேமராவோட ஒளி உணர்திறன்) மாத்துனாலும் அப்படித்தான், ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நிக்கும். அதை மாத்தணும்னா ரிஃப்ளெக்டரோட பரப்பு, தூரம், கோணம், அப்புறம் ஃப்ளாஷ் எவ்ளோ தள்ளி இருக்கு, இதுலதான் கை வைக்கணும். இந்தக் கடைசி விஷயத்தை நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும், கணக்கு போட்டுப் பாருங்க, ஃப்ளாஷ்ல இருந்து முகம் 1 மீட்டர், ரிஃப்ளெக்டர் 1.5 மீட்டர்னா முகத்துல விழுற வெளிச்சத்துல 44 சதவீதம்தான் ரிஃப்ளெக்டர் வரைக்கும் போகுது. ஃப்ளாஷை மட்டும் 1 மீட்டர் பின்னாடி நகத்துனா முகம் 2 மீட்டர், ரிஃப்ளெக்டர் 2.5 மீட்டர், இப்ப 64 சதவீதம். ரிஃப்ளெக்டரைத் தொடாமலே நிழல் தெளிஞ்சிரும். ஆனா ஃப்ளாஷ் தள்ளிப் போகப் போக வெளிச்சம் கொஞ்சம் கடினமாகும், அதாவது நிழல் ஓரம் கூர்மையாகும், குடை பெருசா இருந்தா அது அவ்ளோ தெரியாது. இன்னொண்ணு, ஃப்ளாஷை மேனுவல்ல வச்சுக்கங்க, டிடிஎல்ல (கேமராவே பவரை முடிவு பண்ற மோடு) விட்டா நீங்க ரிஃப்ளெக்டரை நகத்தும்போதெல்லாம் அதுவும் தானா பவரை மாத்தி எது எதனால மாறுச்சுன்னே தெரியாமப் போயிடும்.

அடுத்து, ரிஃப்ளெக்டர் மேல ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டாத்தானே அது திருப்பி அனுப்பும். இது சின்ன விஷயம் மாதிரி தோணும், ஆனா ரிஃப்ளெக்டர் வேலை செய்யலன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு பிரச்சனை இதுதான்னு நெனைக்கிறேன். சாஃப்ட்பாக்ஸ்ல கிரிட் (வெளிச்சத்தை நேரா மட்டும் விடற கட்டம் போட்ட வலை) மாட்டியிருந்தா பக்கவாட்டுல வெளிச்சம் சிந்தாது, பக்கத்துல எவ்ளோ பெரிய ரிஃப்ளெக்டர் வச்சாலும் ஒண்ணும் பெருசா நடக்காது. வெள்ளைக் குடைக்குள்ளாற அடிச்சா எல்லாப் பக்கமும் சிதறும், அதனால ரிஃப்ளெக்டர் வச்சு பழகறவங்களுக்கு குடைதான் சுலபம். சாஃப்ட்பாக்ஸ்தான் இருக்குன்னா அதை நேரா முகத்தைப் பாத்து வைக்காம ஆளுக்குக் கொஞ்சம் முன்னாடி பாக்கற மாதிரி திருப்பி, ஓரத்து வெளிச்சம் முகத்துலயும் நடு வெளிச்சம் ரிஃப்ளெக்டர்லயும் விழுற மாதிரி வைங்க, அப்ப ஃபில், அதாவது நிழல் பக்கத்தை நிரப்பற வெளிச்சம், நல்லா கூடும்.

வெயில்ல ரிஃப்ளெக்டர் பிடிச்சா முகத்துல எங்க விழுதுன்னு கண்ணால பாத்துக்கலாம், ஸ்பீட்லைட்ல அந்த வசதி இல்ல, வெளிச்சம் வந்ததும் போயிடும். நான் பண்றது என்னன்னா, குடையையோ சாஃப்ட்பாக்ஸையோ கழட்டாம ஃப்ளாஷ் தலை பக்கத்துல போன் டார்ச்சை ஆன் பண்ணி வச்சு ரூமை இருட்டாக்கிப் பாக்கறது. நிழல் எப்படி விழுதுங்கறதுக்கு இது போதும். சில்வர்னா இன்னும் ஒரு வழி இருக்கு, ஆள் உக்கார்ற எடத்துல நாம உக்காந்து கண்ணை அதே உயரத்துல வச்சு ரிஃப்ளெக்டரைப் பாத்தா குடையோட பிரகாசம் அதுல தெரியணும், தெரியலன்னா கோணம் தப்பு.

இப்ப கலருக்கு வருவோம், மடக்கற ரிஃப்ளெக்டர்ல வெள்ளை, சில்வர், கோல்டு, கருப்புன்னு மாத்திக்கற உறையும் நடுவுல ஒளி ஊடுருவற துணியும் வரும். நான் முக்காவாசி நேரம் திருப்பறது வெள்ளைப் பக்கம்தான். வெள்ளை வெளிச்சத்தை எல்லாத் திசையிலயும் பரப்பும், அதனால ஆள் தலையைக் கொஞ்சம் அசைச்சாலும் ஃபில் மாறாது, நிழல்ல இருந்து வெளிச்சத்துக்கு மாறுற எடம் மெதுவா இருக்கும். ஆனா கிட்ட வைக்கணும், ஃப்ரேம் ஓரத்துல தெரியற அளவுக்குக் கொண்டு வந்து அப்புறம் ஒரு துளி பின்னாடி இழுக்கணும். சில்வர் கண்ணாடி குணம் உள்ளது, தூரத்துல இருந்தே நல்ல வலு கொடுக்கும், முழு உருவமோ ரெண்டு மூணு பேரோ நிக்கும்போது அதுதான் கைகொடுக்கும். ஆனா எண்ணெய்ப்பசை இருக்கற முகத்துல, வேர்த்த நெத்தியில பளபளன்னு திட்டுத் திட்டா பிடிக்கும், ஆள் கொஞ்சம் திரும்பினாலே அடிக்கற எடமும் மாறிடும். சில்வர்ல சுருக்கம் சுருக்கமா இருக்கற பரப்பு வாங்குங்க, வழவழன்னு இருக்கறதை விட அது கொஞ்சம் மிருதுவா விழும்.

கோல்டு பத்தி எனக்கு ரொம்ப உறுதியான கருத்து இருக்கு, ஃப்ளாஷோட அது வேணாம். ஃப்ளாஷ் வெளிச்சம் கிட்டத்தட்ட 5500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி நடுநிலையா இருக்கும். கோல்டுல பட்டு வர்றது ஆரஞ்சு. அப்ப ஒரே முகத்துல வெளிச்சப் பக்கம் சரியான தோல் நிறம், நிழல் பக்கம் மஞ்சள் பூசுன மாதிரி, வொய்ட் பேலன்ஸை (கலரைச் சரிபண்ற செட்டிங்) எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் கெடும். சாயங்கால வெயில்ல எடுக்கறவங்களுக்கு அது அழகா ஒத்துப் போகும், அது வேற விஷயம். கோல்டும் சில்வரும் கோடு கோடா கலந்து வர்றது கொஞ்சம் பரவால்ல.

கருப்புப் பக்கத்தைத்தான் யாருமே மதிக்கறதில்ல, எனக்கு அதுக்காக வருத்தமே உண்டு. சின்ன வெள்ளை ரூம்ல எடுக்கறோம்னு வைங்க, நாலு சுவரும் கூரையும் சேர்ந்து தானாவே ரிஃப்ளெக்டர் ஆயிடும், நிழலே விழாம முகம் தட்டையாயிடும். அங்க நிழல் பக்கம் கருப்பை ஒட்டி நிறுத்துனா தாடை, கன்னத்து எலும்பு எல்லாம் எழும்பி வரும். பச்சைச் சுவர் மாதிரி கலர் சுவர் இருக்கற ரூம்ல அந்தக் கலர் முகத்துல ஏறாம தடுக்கவும் இதான் வழி. துணி மாதிரி நடுவுல வர்ற ஒளி ஊடுருவற பேனல் ஃப்ளாஷுக்கு முன்னாடி வச்சா நல்ல பெரிய சாஃப்ட்பாக்ஸ் மாதிரி ஆகும், ஒரு ஸ்டாப்புக்கு மேலயே, அதாவது பாதிக்கு மேல வெளிச்சம் குறைஞ்சு போகும், அதுக்கு ஃப்ளாஷ்ல தெம்பு இருக்கணும்.

சைஸ்ல 60 செமீ முகத்துக்கு மட்டும், அதுவும் கிட்ட வச்சா. 80 ஒரே ஆளா வேலை பாக்கறவங்களுக்கு சௌகரியம். 110 இருந்தா இடுப்பு வரைக்கும் ஒரே சீரா ஃபில் கிடைக்கும், ஒண்ணுதான் வாங்கப் போறீங்கன்னா 110 வாங்குங்க. நிக்கற ஆளை முழுசா எடுக்கணும்னா 120-க்கு 180 பேனல் வேணும், இல்லன்னா முகம் தெளிஞ்சு கால் இருட்டா நிக்கும். ஃப்ளாஷை முகத்துக்கு நேர் முன்னாடி உயரத்துல வச்சு மார்புக்குக் கீழ வெள்ளையைப் படுக்க வைக்கற கிளாம்ஷெல் முறைக்கு 80 போதும், கண்ணுக்குக் கீழ இருக்கற கருவளையம், கழுத்து மடிப்பு எல்லாம் அடங்கும், கண்ணுல கீழயும் ஒரு ஒளிப்புள்ளி வந்து முகத்துக்கே உயிர் வந்துரும். ஆனா கீழ இருந்து வர்றது மேல இருந்து வர்றதை மிஞ்சக் கூடாது, மிஞ்சுனா பேய்க்கதை சொல்ற மாதிரி ஆயிடும், சில்வரை இங்க வச்சா அந்த ஆபத்து அதிகம். கண்ணாடி போட்டவங்களுக்கு கீழ வச்ச ரிஃப்ளெக்டர் லென்ஸோட அடிப்பகுதியில வெள்ளையா விழும், அப்ப பக்கத்துல தள்ளி வைங்க.

உழைப்புன்னு பாத்தா கம்பி வளையம் சீக்கிரம் கெடாது, ஜிப்பும் ஓரத் தையலும்தான் முதல்ல போகும். லாஸ்டோலைட்டோட ட்ரைகிரிப் மாதிரி கைப்பிடி வச்ச முக்கோணம் ஒரு கையில கேமரா, ஒரு கையில ரிஃப்ளெக்டர்னு எடுக்கறவங்களுக்கு அருமையான டிசைன், ரவுண்டை ஒத்தக் கையில பிடிச்சா வளைஞ்சு ஆடும். வெளிய காத்துல எந்த ரிஃப்ளெக்டரும் பாய்மரம்தான், ஸ்டாண்டுல மாட்டினா மணல் மூட்டை கண்டிப்பா வேணும், இல்லன்னா ஸ்டாண்டோட சேர்ந்து ஆள் மேலயே சாயும். வெள்ளைத் துணி வருஷம் போகப் போக லேசா மஞ்சளாகும், கண்ணுக்குத் தெரியாது ஆனா நிழல்ல தெரியும், புது வெள்ளைப் பேப்பரை அது மேல வச்சு ஒரு போட்டோ எடுத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சிரும், அப்ப மேலுறையை மட்டும் மாத்த முடியுமான்னு பாருங்க. வீட்டுக்குள்ளயே எடுக்கறவங்களுக்கு ஒரு நல்ல கெட்டித் தெர்மாகோல் ஷீட் போதும்னுதான் சொல்வேன், தானா நிக்கும், வளையாது, வெள்ளையும் சுத்தமான வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு பெயிண்ட் அடிச்சுட்டா ரெண்டு வேலையும் ஆச்சு. ஸ்ப்ரே அடிக்காதீங்க, அதுல இருக்கற கரைப்பான் தெர்மாகோலை அரிச்சிரும், தண்ணில கரையற பெயிண்டை பிரஷ்ல அடிங்க.